கட்டற்ற மென்பொருளும் இணையமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினி பற்றிப் பேச்செடுத்தாலே திரும்பத் திரும்ப என்னிடம் வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன். பதில்கள் எல்லாம் என் கருத்துகள்தான், நடுநிலை தேடி வந்தவர்களுக்கு இது சரிப்படாது.

ஒரு மென்பொருளைப் பயன்படுத்தலாமா வேண்டாமா என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

அதை விட்டு வெளியே போக வழி இருக்கிறதா என்பதை வைத்து. வேகம், அழகு, விலை எல்லாம் அதற்கப்புறம்தான். நான் போட்டு வைத்ததை முழுசாக வெளியே எடுக்க முடியுமா, எடுத்ததை வேறொரு மென்பொருள் படிக்குமா, செய்த நிறுவனம் நாளைக்கே மூடிவிட்டுப் போனால் என் கையில் என்ன மிஞ்சும் என்று முதலில் பார்ப்பேன். புதிதாக எதையாவது இன்ஸ்டால் செய்தால் நான் முதலில் தேடுவது "ஏற்றுமதி" எங்கே இருக்கிறது என்றுதான்.

இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடரை மூடப்போவதாக 2013 மார்ச்சில் அறிவித்து, ஜூலை 1 அன்று மூடியும் விட்டார்கள். பலருக்கும் கடும் கோபம். ஆனாலும் தாங்கள் தொடர்ந்து வந்த தளங்களின் பட்டியலை ஓபிஎம்எல் என்ற ஒரு சின்னக் கோப்பாக இறக்கி, வேறொரு வாசிப்பானில் ஏற்றியவர்களுக்கு அதே பதிவுகள் அங்கேயும் வரத் தொடங்கின, ஏனென்றால் தளங்கள் தங்கள் புதிய பதிவுகளை அறிவிக்கப் பயன்படுத்தும் ஆர்எஸ்எஸ் வடிவம் எந்த ஒரு நிறுவனத்தின் சொத்தும் இல்லை. இன்னொன்று, 2009 ஜூலையில் நடந்தது. ஏற்கெனவே விற்ற சில மின்னூல்களை அமேசான் வாடிக்கையாளர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து, அவர்களைக் கேட்காமலே அழித்தது. அந்தப் பதிப்பைப் பட்டியலில் ஏற்றியவருக்கு விற்பனை உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், நிறுவனத் தலைவரே மன்னிப்பும் கேட்டார். அவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்று நான் யோசிக்கவே இல்லை. என் கையில் இருக்கும் கருவிக்குள் அவர்களால் கை விட முடிகிறது என்பதே எனக்குப் போதுமான காரணம்.

கட்டற்ற மென்பொருள், திறந்த மூல மென்பொருள் இரண்டும் ஒன்றா வேறா?

மென்பொருள் பெரும்பாலும் ஒன்றேதான், அதை ஆதரிப்பதற்குச் சொல்லும் காரணம் வேறு. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனூ திட்டத்தை அறிவித்தபோதும், 1985-இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கியபோதும் பேசியது பயனரின் உரிமை பற்றி: ஓட்டலாம், படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். 1998-இல் நெட்ஸ்கேப் தன் உலாவியின் மூலநிரலை, அதாவது நிரலாளர் எழுதிய வரிகளை, வெளியிட முடிவெடுத்த சமயத்தில் உருவான திறந்த மூல இயக்கமோ, இப்படிச் செய்தால் தரமான மென்பொருள் கிடைக்கும் என்று நிறுவனங்களுக்குப் புரிய வைக்கப் பார்த்தது. அது ஜெயிக்கவும் செய்தது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தரம் மட்டுமே காரணம் என்றால், மூடிய மென்பொருள் ஒன்று இதைவிட நன்றாக வேலை செய்கிற அன்றைக்கு நமக்குச் சொல்ல எதுவும் இருக்காது. அதனால் நான் ஸ்டால்மன் சொன்ன காரணத்தின் பக்கம்.

எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்தால் எழுதுகிறவர்கள் எப்படிப் பிழைப்பது?

மேல்மட்டத்தில் பணத்துக்குக் குறைவே இல்லை. லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலானோர் இன்டெல், ரெட் ஹேட், கூகுள் போன்ற நிறுவனங்களில் அதற்காகவே சம்பளம் வாங்குகிறவர்கள். அந்த ரெட் ஹேட்டை ஐபிஎம் 2019-இல் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது.

சிக்கல் அடியில் இருக்கிறது. எல்லாரும் மேலே கட்டிக்கொண்டே போவார்கள், அடியில் இருக்கிற சின்ன நூலகத்தை (பல மென்பொருள்கள் சேர்ந்து பயன்படுத்தும் பொதுவான நிரலை) யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. 2014 ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்பிளீட் ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். இணையத் தொடர்பைப் பூட்டிக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் "நான் இருக்கிறேன், நீ இருக்கிறாயா" என்று இரண்டு கணினிகள் கேட்டுக்கொள்ளும் ஒரு சிறு வசதி. நான் ஒரு சொல்லை அனுப்பி, அதன் நீளத்தையும் சொல்வேன், எதிரில் உள்ள சர்வர் அதே சொல்லைத் திருப்பி அனுப்ப வேண்டும். நான் ஒற்றை எழுத்தை அனுப்பிவிட்டு "இதன் நீளம் 64 கிலோபைட்" என்று பொய் சொன்னால், சர்வர் அதைச் சரிபார்க்காமல் தன் நினைவகத்தில் பக்கத்தில் என்ன கிடக்கிறதோ அதையும் சேர்த்து வாரிக் கொடுத்துவிடும். கடவுச்சொல் கிடக்கலாம், தளத்தின் ரகசியச் சாவியே கிடக்கலாம். நீளத்தைச் சரிபார்க்கும் ஒரு சோதனை விட்டுப்போனதால் வந்த வினை, இரண்டு ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. உலகத்தின் வங்கிகளும் கடைகளும் நம்பியிருந்த அந்த நூலகத்தில் அப்போது முழுநேரமாக வேலை செய்தவர் ஒரே ஒருவர். அதற்குப் பிறகுதான் பெரிய நிறுவனங்கள் லினக்ஸ் அறக்கட்டளை வழியாகப் பணம் போட்டன. வீடு எரிந்த பிறகு வந்த தண்ணீர் என்றாலும் வந்தது நல்லதே, ஆனால் இதே நிலையில் இன்னும் எத்தனையோ நூலகங்கள் இருக்கின்றன.

மூலநிரல் எல்லாருக்கும் தெரிந்தால் திருடனுக்கும் தெரியுமே?

தெரியும். மூடி வைத்தால் தெரியாது என்று நினைப்பதுதான் தப்பு. இயங்கும் கோப்பை வைத்தே ஓட்டை தேடுகிறவர்கள் இருக்கிறார்கள், விண்டோஸில் மாதாமாதம் அடைக்கப்படும் ஓட்டைகளில் பல அப்படி வெளியாட்கள் கண்டுபிடித்தவை.

அதற்காகத் திறந்து வைத்தாலே பாதுகாப்பு வந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். 2024-இல் நடந்த எக்ஸ்இசட் விவகாரத்தை இதற்காகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு கருவி, ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கும். அதை ஒருவர் சம்பளம் இல்லாமல், கிடைத்த நேரத்தில் பராமரித்து வந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஓர் ஆள் வந்து ஆண்டுக்கணக்கில் பொறுமையாக நல்ல திருத்தங்களை அனுப்பினார். இன்னொரு பக்கம் வேறு சில பெயர்களில் "ஏன் இவ்வளவு தாமதம், பொறுப்பை வேறு யாருக்காவது கொடுங்கள்" என்று பராமரிப்பாளருக்கு அஞ்சல் அஞ்சலாக நெருக்கடி. கடைசியில் ஜியா டானிடம் வெளியீட்டுப் பொறுப்பு போனது. 5.6.0, 5.6.1 என்ற இரண்டு பதிப்புகளில், சோதனைக்கான கோப்பு போல வேடமிட்ட, மனிதரால் படிக்க முடியாத பைனரிக் கோப்புக்குள் ஒரு பின்கதவு ஒளித்து வைக்கப்பட்டது. அதை வெளியே இழுத்து ஓடவைக்கும் வரி மூலநிரல் பொதுவில் தெரியும் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுக்கென்று கட்டிய தொகுப்பில் மட்டும் இருந்தது. குறி எஸ்எஸ்எச், அதாவது சர்வர்களுக்குள் நுழையும் வாசல்.

மாட்டிக்கொண்டது எப்படி? போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வேலை செய்யும் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்பவர், டெபியன் என்ற லினக்ஸ் வகையின் இன்னும் நிலைப்படாத பதிப்பில் வேறு ஏதோ அளந்துகொண்டிருந்தபோது எஸ்எஸ்எச் நுழைவு சுமார் அரை வினாடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்தார். அரை வினாடிதானே என்று விடாமல் தோண்டிக்கொண்டே போய், 2024 மார்ச் 29 அன்று எல்லாருக்கும் அறிவித்தார். பெரும்பாலான நிலையான வெளியீடுகளுக்குள் அது போய்ச் சேரும் முன்பே நிறுத்தியாயிற்று.

இதில் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தனியாக, களைத்துப் போய் ஒருவர் இருந்ததால்தான் நுழைய முடிந்தது. வேறொரு நிறுவனத்தில் வேறொரு வேலை செய்கிற ஒருவரால் யார் அனுமதியும் இல்லாமல் மூலநிரலைத் திறந்து அடிவரை போக முடிந்ததால்தான் பிடிபட்டது. மூடிய மென்பொருளில் அதே அரை வினாடி தாமதத்தைப் பார்த்திருந்தால் அவரால் என்ன செய்திருக்க முடியும்? புகார் எழுதிவிட்டுக் காத்திருக்கலாம், அவ்வளவுதான்.

திறந்த மூல மென்பொருளின் நிறுவனமே திடீரென்று உரிமத்தை மாற்றிவிட்டால்?

மாற்றுகிறார்கள், அடிக்கடி. சர்வர்களை அமைக்க உதவும் டெராஃபார்மின் உரிமத்தை ஹாஷிகார்ப் 2023 ஆகஸ்டில் மாற்றியது, ரெடிஸ் என்ற தரவுத்தளத்தின் உரிமம் 2024 மார்ச்சில் மாறியது. ஆனால் அதுவரை வெளியான நிரலின் உரிமத்தை யாராலும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. அந்தக் கடைசிப் பதிப்பிலிருந்து முறையே ஓப்பன்டோஃபு, வால்கீ என்று புதுக் கிளைகள் கிளம்பின. பயனர்கள் பலர் அங்கே போனார்கள், ரெடிஸ் 2025-இல் திறந்த மூல உரிமம் ஒன்றை மறுபடியும் சேர்த்துக்கொண்டது. 2010-இல் ஓப்பன்ஆஃபீஸிலிருந்து லிப்ரேஆஃபீஸ் பிரிந்ததும் இதே மாதிரிதான், இன்றைக்கு எது உயிரோடு இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். நான் மேலே சொன்ன வெளியேறும் வழி என்பது தனி ஆளுக்கு மட்டும் இல்லை, ஒரு கூட்டமே மொத்தமாக மூட்டை கட்டிக்கொண்டு போக முடிகிறது. மூடிய மென்பொருளில் இது நடக்கவே நடக்காது.

ஒரு திட்டத்தை நம்பித் தொழிலே நடத்தப் போகிறீர்கள் என்றால், பங்களிப்பவர்கள் எல்லாரும் தங்கள் பதிப்புரிமையை ஒரே நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். அப்படி இருந்தால் உரிமத்தை மாற்றுவது அவர்களுக்கு ஒரு நாள் வேலை. லினக்ஸ் கெர்னலில் பதிப்புரிமை ஆயிரக்கணக்கானோரிடம் சிதறிக் கிடக்கிறது, அதை மாற்ற எவராலும் முடியாது, அதுவே அதற்குப் பாதுகாப்பு.

லினக்ஸுக்கு மாறலாமா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய செயலியும் கேட்கிறது, அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஏராளமான கணினிகள் குப்பைக்குப் போகக் காத்திருக்கின்றன. அப்படிப்பட்ட ஒன்று உங்களிடம் இருந்தால் தயங்காமல் லினக்ஸ் போடுங்கள். 2017 முதல் உலகின் 500 வேகமான சூப்பர்கணினிகளும் லினக்ஸில்தான் ஓடுகின்றன, ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் இருப்பதும் அதே கெர்னல்தான். பழைய மடிக்கணினியை அது சமாளிக்கும்.

ஆனால் ஒரே நாளில் குதிக்காதீர்கள். முதலில் விண்டோஸில் இருந்தபடியே ஃபயர்பாக்ஸ், லிப்ரேஆஃபீஸ், விஎல்சி என்று பயன்படுத்திப் பழகுங்கள், அவை மூன்றும் லினக்ஸிலும் அப்படியே இருக்கும். பழகிய பிறகு இயங்குதளத்தை மாற்றினால் அதிர்ச்சி பாதியாகக் குறையும். பென்டிரைவிலிருந்து நேராக ஓட்டிப் பார்த்து வைஃபை, ஒலி, பிரிண்டர், மூடித் திறந்தால் விழிக்கிறதா என்பதையெல்லாம் சரிபார்த்துவிட்டு அப்புறம் இன்ஸ்டால் செய்யுங்கள். விண்டோஸில் மட்டுமே ஓடும் ஒரு மென்பொருள்தான் உங்கள் பிழைப்பு என்றால் மாறாதீர்கள், யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

லினக்ஸில் எந்த டிஸ்ட்ரோ (வகை)?

புதியவர்களுக்கு மின்ட். சர்வருக்கு டெபியன்.

எல்லா உலாவியும் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன, எதற்கு ஃபயர்பாக்ஸ்?

ஒன்றுபோல இருப்பதுதான் என் கவலை. குரோம், எட்ஜ், ஓபெரா, பிரேவ், விவால்டி எல்லாமே உள்ளே கூகுள் முன்னின்று உருவாக்கும் குரோமியம். மைக்ரோசாஃப்டே தன் சொந்த எஞ்சினை (பக்கத்தைத் திரையில் காட்டும் உள்பகுதியை) கைவிட்டு 2020-இல் அதற்கு மாறிவிட்டது. மிச்சம் இருப்பது ஆப்பிளின் வெப்கிட், ஃபயர்பாக்ஸின் கெக்கோ. ஒரே எஞ்சின் ஜெயித்தால் என்ன ஆகும் என்பதை இணையம் ஒருமுறை பார்த்தாகிவிட்டது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 வந்தது 2001-இல், அடுத்த பதிப்பு 2006-இல். போட்டி இல்லாத அந்தக் காலத்தில் வலை அப்படியே உறைந்து நின்றது. தளங்கள் தரநிலையைப் பார்த்து எழுதப்படாமல் அந்த ஒரு உலாவியின் குறைகளைப் பார்த்து எழுதப்பட்டன. 2004-இல் ஃபயர்பாக்ஸ் வராமல் இருந்திருந்தால் இன்னும் எவ்வளவு காலம் அப்படியே இருந்திருக்குமோ.

இப்போது குரோம் தன் நீட்சிகளுக்கான விதியை மாற்றியதும் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பான் அதில் முழு வலுவோடு வேலை செய்ய முடியாமல் போனது. உலகின் மிகப்பெரிய விளம்பர நிறுவனம் கையில் உலாவி இருந்தால் விளம்பரத் தடுப்பானின் கதி என்ன ஆகும் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். ஃபயர்பாக்ஸைச் செய்யும் மோசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுளிடமிருந்தே வருகிறது என்பதும் உண்மை, அது எனக்குப் பிடிக்கவில்லை. அப்படியும் ஃபயர்பாக்ஸ்தான் பயன்படுத்துகிறேன், தளம் கட்டுகிறவர்கள் அதிலும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும் என்றால் அதில் ஆள் இருக்க வேண்டும்.

பழைய கோப்புகளைத் திறக்க முடியவில்லை, என்ன செய்யலாம்?

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்த வலி நன்றாகவே தெரியும். யூனிகோடு பரவும் முன் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் தனித்தனிக் குறியேற்றம் இருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுகளும் கலந்த குப்பையாகத் தெரியும். டிஸ்கி, டாப், டாம் போல விவரம் பொதுவில் இருந்த குறியேற்றங்களுக்கு மாற்றிகள் எழுதப்பட்டுவிட்டன, அந்தக் கோப்புகளை இன்றைக்கும் மீட்கலாம். ஏதோ ஒரு அச்சகத்துக்கு என்று தனியாகச் செய்த எழுத்துரு என்றால் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு அட்டவணை போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

எனவே, நீண்ட நாள் இருக்க வேண்டிய எதையும் யூனிகோடில் வெறும் உரைக் கோப்பாக வையுங்கள். அழகுபடுத்த வேண்டுமென்றால் 2006 முதல் ஐஎஸ்ஓ தரநிலையாக இருக்கும் ஓடிஎஃப் ஆவண வடிவம். இறுதி வடிவத்துக்கு பிடிஎஃப், ஆனால் மூலக் கோப்பைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

கிளவுடில் இருக்கிறதே, பேக்கப் எதற்கு?

நீங்கள் இங்கே அழித்தால் அங்கேயும் அழிகிறது, அதற்குப் பெயர் ஒத்திசைவு. கணக்கு முடங்கினால் எல்லாமே போச்சு. தனியாக ஒரு வெளி வட்டில் ஒரு பிரதி, வேறொரு இடத்தில் இன்னொன்று. அவ்வப்போது ஒரு கோப்பையாவது அதிலிருந்து மீட்டுத் திறந்து பாருங்கள், மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

மறைக்க என்னிடம் எதுவும் இல்லை. என்கிரிப்ஷனில் (தகவலைப் பிறர் படிக்க முடியாமல் பூட்டும் முறையில்) போலீசுக்கு மட்டும் ஒரு வழி விட்டால் என்ன?

நல்லவர்களுக்கு மட்டும் திறக்கும் வழியை இதுவரை யாரும் கட்டியதில்லை. அமெரிக்க அரசு 1993-இல் கிளிப்பர் சில் என்று தொலைபேசிப் பேச்சைப் பூட்டும் சில்லு ஒன்றைக் கொண்டுவந்தது, அதன் சாவிகளின் பிரதி அரசிடம் இருக்கும். அரசுக்கு விட்ட அந்த வழியையே ஏமாற்ற முடியும் என்று ஆய்வாளர் மாட் பிளேஸ் 1994-இல் காட்டினார், திட்டம் படுத்துவிட்டது. கிரீஸில் நடந்தது இன்னும் மோசம். தொலைபேசி இணைப்பகங்களில் சட்டப்படியான ஒட்டுக்கேட்புக்கென்று ஒரு வசதி இருந்தது. 2004-இல் தொடங்கி மாதக்கணக்கில் யாரோ அதே வசதியைப் பயன்படுத்தி, நூறு பேருக்கும் மேற்பட்டவர்களின் செல்பேசிகளை ஒட்டுக்கேட்டார்கள். அதில் நாட்டின் பிரதமரும் ஒருவர். எந்த அரசுக்காக அந்தக் கதவு வைக்கப்பட்டதோ அதே அரசின் தலைவர்.

மறைக்க எதுவும் இல்லை என்பவர்களிடம் நான் வாதாடுவதே இல்லை. உங்கள் வங்கிக் கணக்கும் மருத்துவ அறிக்கையும் போகும் அதே குழாயில்தான் எல்லாம் போகிறது, அதில் ஓட்டை போட்டால் எல்லாருக்கும் சேர்த்துத்தான்.

எல்லாரும் ஒரே மெசேஜிங் செயலியில் இருக்கிறார்கள், நான் மட்டும் எப்படி வெளியே வருவது?

வர முடியாது என்பதுதான் குறையே, அது உங்கள் தப்பு இல்லை. மின்னஞ்சலைப் பாருங்கள், 1982-இல் எழுதிய எஸ்எம்டிபி நெறிமுறை (கணினிகள் அஞ்சல் பரிமாறிக்கொள்ளும் விதி) இன்னும் ஓடுகிறது, யார் எந்த நிறுவனத்தில் கணக்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளலாம். அரட்டைக்கும் அப்படி ஒன்று இருந்தது. கூகுள் டாக் 2005-இல் எக்ஸ்எம்பிபி என்ற திறந்த நெறிமுறையில்தான் தொடங்கியது, பிற சர்வர்களோடும் பேசியது. 2013-இல் ஹேங்அவுட்ஸ் வந்தபோது அந்த வழியை அடைத்தார்கள். கூட்டம் சேரும்வரை திறந்திருந்து, சேர்ந்ததும் மூடுவது. இது தொழில்நுட்பத்தால் மட்டும் தீராது, சட்டம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம் பெரிய மெசேஜிங் செயலிகள் மற்றவற்றோடு பேச வழிவிட வேண்டும் என்கிறது, சரியான திசை அதுதான். அதுவரை, நெருங்கியவர்களை மட்டுமாவது சிக்னல் என்ற கட்டற்ற மெசேஜிங் செயலிக்குக் கூட்டிவாருங்கள்.

"திறந்த" ஏஐ மாடல்கள் உண்மையிலேயே திறந்தவையா?

பெரும்பாலானவை இல்லை. மெட்டாவின் லாமா என்ற மாடலைப் பதிவிறக்கலாம், சொந்தக் கணினியில் ஓட்டலாம், அது பெரிய விஷயம்தான். ஆனால் மாதம் 70 கோடிப் பயனர்களுக்கு மேல் உள்ளவர்கள் தனி அனுமதி வாங்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது, யார் எதற்குப் பயன்படுத்தலாம் என்று கட்டுப்பாடு போட்ட உரிமத்தைத் திறந்த மூலம் என்று அழைக்கக் கூடாது. அதைவிடப் பெரிய குறை, எதை வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள் என்பது தெரியாதது. திறந்த மூல முன்னெடுப்பு என்ற அமைப்பு 2024 அக்டோபரில் வெளியிட்ட வரையறை பயிற்சித் தரவைப் பற்றிய விரிவான விவரம் இருந்தால் போதும், தரவையே கொடுக்க வேண்டியதில்லை என்கிறது. எனக்கு அது போதாது. எடைக்கோப்பு (பயிற்சியின் முடிவில் கிடைத்த எண்கள் அடங்கிய கோப்பு) மட்டும் கையில் இருந்தால் மாடலை மேற்கொண்டு பழக்கலாம், முதலிலிருந்து செய்து பார்த்துச் சரிபார்க்க முடியாது. இருந்தாலும் இணைய சேவையாக மட்டும் கிடைக்கிற மாடலைவிட இது பல மடங்கு மேல், கம்பெனி மூடினாலும் கோப்பு உங்கள் வட்டில் இருக்கும்.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது, நான் என்ன உதவி செய்ய முடியும்?

பணம் கொடுக்கலாம், சின்னத் தொகையாக இருந்தாலும் மாதாமாதம் வந்தால் பராமரிப்பவருக்குத் தெம்பு. மொழிபெயர்க்கலாம். இடைமுகச் சரங்களில் (திரையில் தெரியும் சொற்றொடர்களில்) நடுவே வரும் விழுக்காட்டுக் குறி போன்றவற்றைத் தொடாதீர்கள், நிரல் அங்கேதான் பெயரையோ எண்ணையோ செருகும். தமிழில் வாக்கிய அமைப்புக்கு ஏற்ப அதன் இடத்தை நகர்த்த வேண்டி வரும், அதற்கென்று வழி இருக்கிறது, கேட்டுச் செய்யுங்கள்.

இவற்றை எல்லாம்விட ஆள் பற்றாக்குறை நல்ல பிழை அறிக்கைக்கு. "பிரிண்ட் ஆகவில்லை" என்று எழுதினால் படிப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது. மென்பொருளின் பதிப்பு எண், இயங்குதளம், என்ன செய்தீர்கள் என்று வரிசையாக, என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது. பிழைச் செய்தியைப் படம் பிடித்துப் போடாமல் எழுத்தாகவே நகலெடுத்து ஒட்டுங்கள், அப்போதுதான் தேடினால் கிடைக்கும். உங்கள் இருநூறு பக்க ஆவணத்தில் பிழை வந்தால், பாதிப் பாதியாக வெட்டிக்கொண்டே போய், பிழை இன்னும் வருகிற மிகச் சின்னக் கோப்பை இணையுங்கள். அந்தரங்கமான தகவல் அதில் இல்லையென்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். நாலைந்து நாள் கழித்து ஒருவர் வந்து "புதிய பதிப்பில் வருகிறதா பாருங்கள்" என்று கேட்பார், அப்போது பதில் எழுதுங்கள். அந்தப் பதில் வராமலே மூடப்பட்ட அறிக்கைகள் எல்லாத் திட்டத்திலும் குவிந்து கிடக்கின்றன.